பையா, ஆந்தையா?

தோக்கியோவில் இறங்கிய முதல் நாள் இரவு. தங்குமிடத்துக்குப் பக்கத்தில், விடிய விடியத் திறந்திருக்கும் கடையொன்றில் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு சோற்று உருண்டைகளும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். அங்கே நின்ற பையன் என்னவோ கேட்டான். ‘ஃப்க்ரோ’ என்று தொடங்கி ‘தெஸ்கா’ என்று முடிந்தது. விழித்தேன். மறுபடி கேட்டான். மறுபடி விழித்தேன். மூன்றாம் முறை வாயை மூடிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

அட, ஃபுகுரோ! பை. பாடப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வரும் சொல். எழுதச் சொன்னால் தூக்கத்தில்கூட எழுதியிருப்பேன். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை.

2020 ஜூலையிலிருந்து ஜப்பான் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கியாக வேண்டும் என்று சட்டம். ஆகவே பை வேண்டுமா என்று ஒவ்வொரு கல்லாவிலும் கேட்கிறார்கள். ஒரே வாரத்தில் இந்தச் சொல்லை நூறு வாயிலிருந்து கேட்டிருப்பேன். ‘ஃபு’வில் இருக்கவேண்டிய உகரம் அநேகமாக ஒரு வாயிலும் இல்லை. ஊதி அணைத்த விளக்கு மாதிரி உதட்டோரம் ஒரு காற்று, உடனே ‘குரோ’. ஆனால் யாரைக் கேட்டாலும் தாங்கள் ‘ஃபு-கு-ரோ’ என்றே சொன்னதாகச் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மை என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

முதலில் வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். ஃப, க, ச, த போன்ற ஒலிகளைச் சொல்லும்போது குரல்வளை மடல்கள் திறந்திருக்கும், அதிராது. உயிரொலிக்கு அவை நெருங்கி வந்து அதிர வேண்டும். இகரமும் உகரமும் உயிர்களிலேயே குட்டையானவை. நாக்கு மேலண்ணத்தை ஒட்டினாற்போல் எழும்பி நிற்க, நொடியில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு குட்டை உயிர், அதிராத இரண்டு மெய்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மடல்கள் திறந்து, மூடி, மறுபடி திறக்க வேண்டும். அந்த இமைப்பொழுது வேலைக்காக மூடுவானேன் என்று தோக்கியோக்காரரின் குரல்வளை திறந்தபடியே இருந்துவிடுகிறது. நாக்கும் உதடும் உகரத்துக்கான இடத்துக்குப் போகின்றன. குரல் மட்டும் வருவதில்லை. ‘பிடிக்கும்’ என்று பொருள்படும் ‘ஸுகி’ ‘ஸ்கி’யாகிறது. மனிதன் என்ற ‘ஹிதொ’வில் முதல் உயிர் மூச்சாகக் கரைகிறது. வாக்கியத்தை முடிக்கும் ‘தெஸு’, ‘மஸு’ இரண்டும் ‘தெஸ்’, ‘மஸ்’ என்று நிற்கின்றன. அகரம், எகரம், ஒகரம் இப்படி எளிதில் கரைவதில்லை. அவற்றுக்கு வாய் திறக்க வேண்டும், நேரம் வேண்டும்.

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. குற்றியலுகரம், குற்றியலிகரம். நம் இலக்கணக்காரர்கள் ‘குறுகும்’ என்று தனியே பெயர் வைத்துப் பேசிய உயிர்களில் இந்த இரண்டும்தான் முன்னால் நிற்கின்றன. குற்றியலுகரம் கு, சு, டு, து, பு, று என வல்லின மெய்மேல் ஏறித்தான் வரும். தொல்காப்பியம் அதற்கென்று ஒரு இயலையே ஒதுக்கியிருக்கிறது. ‘காது’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவியாது. ஜப்பானிய உகரமும் ஏறக்குறைய அப்படித்தான், உதட்டைக் குவிக்காத உகரம். ‘பசு’வில் வரும் முழு உகரத்தை எடுத்துக்கொண்டு போய் ஜப்பானியச் சொற்களில் வைத்தால் அங்கே சிரிப்பார்கள். ‘காது’ உகரம் வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்த இடத்தில் யாராவது ஓனோ சுசுமுவின் பெயரை எடுப்பார்கள் என்று தெரியும். ஜப்பானிய மொழியின் வேர் தமிழில் என்று பல்லாண்டு வாதிட்ட அறிஞர். ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் சொல்வது உறவுமுறைக் கதை அல்ல. குரல்வளை எல்லா ஊரிலும் ஒரே தசையால் ஆனது, அவ்வளவுதான்.

ஒரு வேறுபாடும் உண்டு. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று நம்மவர்கள் நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். ஜப்பானியர் குரலைத்தான் எடுத்தார்கள், நேரத்தைக் குறைக்கவில்லை. ‘ஃபுகுரோ’வுக்குக் கைதட்டச் சொன்னால், உயிர் காணாமல் போன ‘ஃபு’வுக்கும் ஒரு தட்டு உண்டு. மொத்தம் மூன்று. அவர்களுடைய அளவு நம் மாத்திரைக்கு வெகு நெருக்கம்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. தனி மெய்க்கு நாம் அரை கொடுக்கிறோம், அவர்கள் முழு ஒன்று கொடுக்கிறார்கள். ‘நிப்பொன்’ என்பதில் நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து கணக்கும் இந்தத் தட்டுகளின் கணக்கே. அதைத் தமிழில் அசையாக எண்ணிக்கொண்டு வாதம் செய்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

சரி, இல்லாத உகரம் அவர்கள் காதில் எப்படி விழுகிறது? 1999இல் எம்மானுவேல் துப்பூவும் அவருடைய பிரெஞ்சு, ஜப்பானியக் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘எபுஸோ’ என்ற பொருளற்ற சொல்லைப் பதிவுசெய்து, நடுவிலுள்ள உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போய், கடைசியில் உகரமே இல்லாத ‘எப்ஸோ’வில் நிறுத்தினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உகரம் போனவுடன் போய்விட்டது என்றார்கள். ஜப்பானியரில் பெரும்பாலோர் முழுதாக வெட்டிய பின்னும் உகரம் கேட்கிறது என்றே சொன்னார்கள். காற்றில் இல்லாத ஒலியைக் காது போட்டுக்கொள்கிறது. மெய்க்குப் பின்னால் உயிர் வந்தே தீரும் என்று குழந்தைப் பருவம் முதல் பழகிய காது, வராவிட்டால் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும்.

நாம் மட்டும் என்ன? பஸ் நமக்கு ‘பஸ்ஸு’, லைட் ‘லைட்டு’. அவர்களுக்கு ‘பஸு’, ‘ரைதொ’. இரவல் வாங்கிய சொல்லில் காலியாக இருக்கும் இடத்தை இரண்டு ஊரிலும் ஒரு குட்டி உயிர் வந்து நிரப்புகிறது. கல்லாவில் அன்று எனக்கு இல்லாமல் போனது செவித்திறன் அல்ல. எந்த இடத்தில் எதை நிரப்பிக்கொள்வது என்ற பழக்கம்.

அதை ஒருவாறு பழகிய பின் அடுத்த சறுக்கல் என் வாயில் நடந்தது. பை வேண்டும் என்று நானாகவே முந்திக்கொண்டு கேட்டேன், கடைசி ஒகரத்தைக் கொஞ்சம் இழுத்து. கல்லாப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஃபுகுரோவின் ஒகரம் குறில். நெடிலாக இழுத்தால் ஆந்தை. ஆந்தை ஒன்று கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்! (தமிழில் எழுதும்போதும் ‘ஃபுகுரொ’ என்று குறிலில்தான் எழுத வேண்டும். வாசிக்க வசதி என்று ‘ரோ’ போட்டுவிட்டேன். ஆந்தைக்கு இனி ‘ஃபுகுரோஓ’ என்று அளபெடை கொடுத்துவிடுவோம்.) குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, அதில் தவற மாட்டோம் என்ற அலட்சியம்தான் காரணம். சொல்லின் முதலெழுத்தில் நாம் அதில் கெட்டிதான். சொல்லின் கடைசியில் நெடிலைச் சுருக்குவதும் குறிலை இழுப்பதும் பேச்சுத்தமிழில் சாதாரணம். ஜப்பானிய மொழியில் அந்தக் கடைசி நீளத்தில் பொருளே மாறுகிறது.

நம் காதுக்கென்றே பிரத்தியேகமான இன்னொரு குழியும் இருக்கிறது. தமிழில் சொல்லுக்கு நடுவே ககரம் இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும், ‘பக்கம்’ மாதிரி. தனித்து நின்றால் மென்மையாகும், ‘பகல்’ மாதிரி. இரண்டே வகை. ஜப்பானிய மொழியில் மூன்று: வன்மையாக ஒற்றை, வன்மையாக இரட்டை, மென்மையாக ஒற்றை. வன்மை ஒற்றையில் ‘சக’ என்றால் மேட்டுச் சரிவு. இரட்டித்த ‘சக்க’ எழுத்தாளர். மென்மையான ‘சக’ கியூஷுத் தீவில் உள்ள ஒரு மாகாணம். முதலாவதும் மூன்றாவதும் தமிழெழுத்தில் ஒரே மாதிரி நிற்பதைப் பாருங்கள். சரிவில் ஏறிய கதையைக் கேட்கும்போது என் காது பாதி நேரம் எழுத்தாளர்மீது ஏறிக்கொண்டிருந்தது. தமிழெழுத்தில் குறித்துவைத்து ஜப்பானிய மொழி படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தலைகுப்புற விழுவார்கள். முதல் மாதமே அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்வது உத்தமம்.

பைக்குத் திரும்புவோம். தோக்கியோவில் இகெபுகுரோ என்று பெரிய ரயில் நிலையம் உண்டு. ‘இகெ’ குளம், ‘ஃபுகுரோ’ பை. சேர்ந்தவுடன் ‘ஃபு’ ‘பு’வாகிவிட்டது, பம்பரத்தின் நடுவில் வரும் மெல்லிய பகரம். கை என்ற ‘தெ’யோடு பையைச் சேர்த்தால் ‘தெபுகுரோ’. கைப்பை என்று நினைப்போம், ஆனால் கையுறை. நிலைமொழி, வருமொழி, புணர்ச்சி என்று வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. நாம் வலி மிகுத்துக் ‘கைப்பை’ என்கிறோம், அவர்கள் வலியை மெலிக்கிறார்கள். மடித்தல் என்ற ‘ஒரி’யும் காகிதம் என்ற ‘கமி’யும் சேர்ந்து ஒரிகாமி ஆனதும் இந்த வழியில்தான். வருமொழிக்குள் ஏற்கெனவே ஓர் அதிரும் வல்லினம் இருந்தால் முதலெழுத்து மெலியாது. காற்றைக் குறிக்கும் ‘கஸே’யில் அப்படி ஒன்று இருப்பதால் காமிகாஸேயின் நடுக் ககரம் வன்மையாகவே நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோத்தோஓரி நோரினாகா கவனித்ததுதான் என்றாலும், இந்த விதி இன்று பெஞ்சமின் ஸ்மித் லைமன் என்ற அமெரிக்கர் பெயரில் வழங்குகிறது. அவர் மொழியறிஞர்கூட அல்லர். 1870களில் ஹொக்கைதோவில் நிலக்கரி தேட வந்த சுரங்கப் பொறியாளர். 1894இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மண்ணைத் தோண்ட வந்தவர் சொல்லைத் தோண்டிவிட்டுப் போனார்.

‘ஃபு’ மெலிந்தால் ஏன் ‘பு’ ஆக வேண்டும்? அங்கேதான் பழைய கதை ஒன்று புதைந்திருக்கிறது. இன்று ஹகர வரிசையில் வரும் சொற்களெல்லாம் மிகப் பழங்காலத்தில் பகரத்தில் தொடங்கின. பகரம் தளர்ந்து ஃபகரமாகி, அதுவும் தளர்ந்து ஹகரமானது. பால் ஹாலு ஆகி, புலி ஹுலி ஆன கன்னடத்தை அறிந்த நமக்கு இந்தப் பாதை புதிதல்ல. நடுக் கட்டத்துக்குச் சாட்சிகள் உண்டு. 1590களில் அமகுசாவில் அச்சிட்ட ஹெய்கே கதையின் தலைப்பைப் போர்த்துகீசியப் பாதிரிகள் ‘ஃபெய்கெ’ என்றுதான் எழுத்துக் கூட்டினார்கள். 1516இல் தொகுத்த விடுகதைகளில் ஒன்றுக்கு விடை உதடு. அம்மாவைச் சொன்னால் அது இருமுறை கூடுமாம், அப்பாவைச் சொன்னால் ஒருமுறையும் கூடாதாம். அம்மா என்ற இன்றைய ‘ஹஹ’வைச் சொன்னால் உதடு கூடுவதே இல்லை. அன்று அது ‘ஃபஃப’வாக இருந்தால்தான் விடுகதைக்கே அர்த்தம். உகரத்தின் முன்னால் மட்டும் அந்த நடுக்கட்ட ஒலி இன்னும் உயிரோடிருக்கிறது. அதனால்தான் ஹ, ஹி, ஃபு, ஹெ, ஹொ என்று வரிசை கோணலாக நிற்கிறது. ஆக, கல்லாப் பையனின் ‘ஃப்’ பதினாறாம் நூற்றாண்டின் மிச்சம். இகெபுகுரோவின் ‘பு’வோ அதற்கும் முந்தைய பகரத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. பென்சில் போன்ற நீள்பொருளை எண்ணும்போது ‘இப்பொன்’, ‘நிஹொன்’, ‘சம்பொன்’ என்று ஒரே சொல் மூன்று வேடம் போடுவதன் சூட்சுமமும் இதுவே.

இகெபுகுரோ நிலையத்தின் அடித்தளத்தில் ஒரு கல் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. பெயர் இகெஃபுகுரோஓ. சந்திக்க வேண்டியவர்கள் அதனடியில் காத்து நிற்கிறார்கள். என் கல்லாத் தவறை ஊரே வேண்டுமென்று செய்து சிலையாகவும் வைத்திருக்கிறது என்று அறிந்தபோது மனம் ஆறியது.

சம்பொன் என்றேனே, அந்த ‘ம்’ எழுத்தில் கிடையாது. மூன்று என்பது ‘சன்’. பகரம், மகரத்தின் முன் ‘சம்’ ஆகும், ககரத்தின் முன் ‘சங்’ ஆகும், தகரத்தின் முன் ‘சந்’. அடுத்த ஒலி எங்கே பிறக்கிறதோ அங்கே மூக்கொலியும் போய் உட்கார்ந்துகொள்ளும். பங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பம்பு என்று நாம் ஐந்து எழுத்து போட்டு எழுதுவதை அவர்கள் ஒரே எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். எழுத்து மாறாததால் பாடப் புத்தகத்துப் பிள்ளைக்கு ஒலி மாறுவது தெரிவதில்லை; தமிழருக்கு இது வாய் தானாகச் செய்யும் வேலை. உயிரெழுத்து அடுத்து வரும்போதுதான் கஷ்டம். அப்போது நாக்கு எங்கும் ஒட்டாமல், உயிரே மூக்கால் ஒலிக்கிறது. ஆயிரம் யென் என்பதை ‘செனென்’ என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வந்ததோ ‘செஎ(ன்)’ என்று ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒன்று.

இத்தனையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதிலேயே நடப்பவை. வீட்டுப் பேச்சு வேறு உலகம். ‘தபெதெ ஷிமத்த’ என்று புத்தகம் சொல்லும், வாய் ‘தபெச்சத்த’ என்னும். ‘சாப்பிட்டுவிட்டேன்’ ‘சாப்ட்டுட்டேன்’ ஆன அதே தேய்மானம். அதுவும் அந்த ‘ஷிமவு’ நம் ‘விடு’ செய்கிற வேலையைத்தான் செய்கிறது என்பது கூடுதல் அழகு. தெரியாது என்ற ‘வகரனை’ ‘வகன்னை’ ஆகும். மன்னிப்புக் கேட்கும் ‘சுமிமசென்’ ‘சுயிமசென்’ ஆகும். நம் ஊருக்குப் படிக்க வரும் வெளிநாட்டவரிடம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தெருவில் ‘வந்துட்ருக்கேன்’ என்று பேசும் நாம் இதில் புகார் சொல்ல முடியாது.

வேகமாகப் பேசுகிறார்கள் என்ற புகாரில் மட்டும் நியாயம் இருக்கிறது. 2011இல் லியோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மொழிகளை அளந்தபோது நொடிக்கு 7.84 அசையோடு முதலிடத்தில் வந்தது ஜப்பானிய மொழிதான். ஆங்கிலத்துக்கு 6.19. ஆனால் அதன் ஒவ்வோர் அசையும் சுமக்கும் செய்தி குறைவு. சின்னச் சின்னக் கூடையில் அள்ளுகிறவன் அதிக நடை நடக்கத்தானே வேண்டும்? அப்படி ஓடும்போது குட்டை உயிர்கள் வழியில் சிந்துவதில் வியப்பில்லை.

தோக்கியோவின் பழைய பேட்டைகளில் பிறந்தவர்களுக்கு ‘ஹி’ ‘ஷி’யாகும், ‘அசஹி’ அவர்கள் வாயில் ‘அசஷி’. மேற்கே போனால் அதன் தலைகீழ். அடகுக் கடைப் பெயர்ப்பலகையில் ‘ஷிச்சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹிச்சி’ என்றே எழுதிவைத்த ஊர்கள் உண்டு. வடகிழக்கில் தோஹோக்குப் பக்கம் ‘சு’வும் ‘ஷி’யும் ஒன்றாகி, தின்னும் சுஷியும் புகைக்கரியான சுசுவும் சிங்கமான ஷிஷியும் ஒரே ஒலியில் விழும். அங்கே சொல்லின் நடுவில் வரும் வல்லினமும் மெலிந்துவிடுகிறது. பூனைக்கு ஜப்பானியச் சொல் ‘நெகொ’. தமிழெழுத்தில் எழுதி, நம் வழக்கப்படி ‘பகல்’ ககரத்தோடு வாசித்தால் தோஹோக்கு வாடை தானாக வந்துவிடும். தொனியும் மாறும். தோக்கியோவில் ‘ஹஷி’யின் முதலெழுத்தை உயர்த்தினால் உணவுக் குச்சி, இரண்டாவதை உயர்த்தினால் பாலம். கியோத்தோவிலும் ஒசாகாவிலும் அப்படியே எதிர்மாறு. பாலத்தைக் கடந்தாரா, குச்சியைக் கடந்தாரா என்று அங்கே யாரும் குழம்புவதில்லை. பேச்சின் போக்கே சொல்லிவிடுகிறது.

ஒரே ஆசிரியரின் தெளிவான குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுவது நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனியின் குழு 1990களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தது. ஆள்கள் ஜப்பானியர், பிரச்சினை ஆங்கில ரகர லகர வேறுபாடு. பல பேர் குரலில் பயிற்சி பெற்றவர்கள் முன்பின் கேட்டிராத குரலிலும் வேறுபாட்டைப் பிடித்தார்கள். ஒரே குரலில் பழகியவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள். குரல் மாறியதும் தடுமாறினார்கள். இதைப் படித்த பிறகு கல்லாவில் நிற்கும்போது எரிச்சல் போயிற்று. நூறு வாய், நூறு பாடம், காசில்லாமல். அந்தக் குளிர்காலத்துக்குள் ‘ஃப்க்ரோ’ என் காதில் ‘ஃபுகுரோ’வாகவே விழத் தொடங்கியது. உகரம் எனக்கும் கேட்டது.

வசந்தத்தில் ஒசாகா போனேன். சந்தைக்குள் ஊறுகாய்க் கடை, பாட்டி ஒருவர். அந்தப் பக்கத்துக்காரர்கள் உயிர்களை அவ்வளவாக விழுங்குவதில்லை. முள்ளங்கியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அவர் நிறுத்தி, நிதானமாக, ஒவ்வோர் உகரத்துக்கும் குரல் கொடுத்துக் கேட்டார்:

“ஃபு-கு-ரோ?”

நான் விழித்தேன். பாட்டி ஒரு பையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.